ட்ரெயினிங் நாளில் ஆன்-கால் போன் யாரிடம்?

பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஏதாவது ஓர் ஐடி அலுவலகத்தில் ட்ரெயினிங் நடக்கும் அறையை எட்டிப் பாருங்கள். முன்னால் ட்ரெயினர், மென்பொருளைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எதிரில் பாதிப் பேர் லேப்டாப்பில் டிக்கெட், அதாவது தீர்க்க வேண்டிய புகார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும். "ஒரு நிமிஷம் வாங்க, புரொடக்‌ஷன்ல பிரச்சினை." கூப்பிடுபவர் பெரும்பாலும் அவரை அங்கே அனுப்பிவைத்த மேனேஜரேதான்.

சாயங்காலம் ஃபீட்பேக் ஃபார்ம் வரும். எல்லோரும் ஐந்துக்கு நாலு போடுவார்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் ஐந்து. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. நம் ஃபார்ம் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாவது படி வரும்போது ட்ரெயினர் ஊருக்குப் போயிருப்பார். அது மேனேஜரின் பொறுப்பு.

ஒயிட்ஃபீல்டில் எனக்கு மதுரைக்கார மேனேஜர் ஒருவர் இருந்தார். ட்ரெயினிங்குக்குப் போகிறவர்களை முந்தின வாரமே ஒவ்வொருவராக டீ குடிக்கக் கூப்பிடுவார். "முடிச்சுட்டு வந்ததும் பில்லிங் சர்வீஸை நீங்கதான் குபர்நெட்டிஸுக்கு மாத்தப் போறீங்க. அதுல எது இடிக்கும்னு இப்பவே பாத்து வைங்க." பேச்சு அவ்வளவுதான். ஆனால் அப்படிப் போனவர்கள் கேட்ட கேள்விகளே வேறு. குபர்நெட்டிஸில் சர்வீஸ் ஓடும் சிறு அலகான 'பாட்' என்றால் என்ன என்பதோடு நிற்க மாட்டார்கள். 'எங்கள் சர்வீஸ் லாக்-இன் விவரத்தை மெமரியில் வைத்திருக்கிறது, பாட் ரீஸ்டார்ட் ஆனால் வாடிக்கையாளர் லாக்-அவுட் ஆகிவிடுவாரே' என்று ட்ரெயினரை மடக்குவார்கள்.

ட்ரெயினிங் முடியும்வரை ஆன்-கால் போனும், அதாவது எந்த நேரத்தில் சர்வீஸ் பழுதானாலும் அலறும் போனும், அந்த மேனேஜரிடம்தான் இருக்கும். ராத்திரி அலெர்ட் வந்தாலும் அவரே எழுந்து பார்ப்பார். இதைவிடத் தெளிவாக ஒரு டீமுக்கு 'இது முக்கியம்' என்று சொல்லிவிட முடியாது. தொடக்க உரை ஆற்றிவிட்டு டீக்கு முன்பே கிளம்பும் பெரிய அதிகாரிகளைப் பற்றி... சரி, விடுங்கள்.

இப்போது நானும் ஒரு டீமைப் பார்த்துக்கொள்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், கோடு எழுதுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ட்ரெயினர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசி நடுவில் ஹிந்தி ஜோக்கும் அடித்தால் வாயே திறக்க மாட்டார்கள். "கேட்டா சிரிப்பாங்கக்கா" என்றாள் ஒருத்தி. அதனால் இடைவேளையில் அவர்களோடு கேன்டீனில் உட்கார்ந்துகொள்வேன். தமிழில் கொட்டுவார்கள். அந்தக் கேள்விகளை அடுத்த செஷனில் என் கேள்வியாக நானே கேட்டுவிடுவேன். மேனேஜருக்கே இது தெரியவில்லை என்றதும் அறையில் மற்றவர்களுக்கும் தைரியம் வரும். மற்ற நேரம் நான் உள்ளே உட்காருவதில்லை. மேனேஜர் இருந்தால் பேச்சு அடங்கிவிடும்.

ட்ரெயினிங் முடிந்ததும் பிபிடி போட்டு டீமுக்கு விளக்கச் சொல்லும் சடங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்லைடை வெட்டி ஒட்டத் தெரிந்தால் போதும், அது நடந்துவிடும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். அதனால் அடுத்த வாரமே, கையேட்டைத் திறக்காமல், எங்கள் சர்வீஸ் ஒன்றின் டிப்ளாய்மென்ட்டை, அதாவது அது சர்வரில் ஏறி ஓடும் விதத்தை, ஒயிட்போர்டில் வரையச் சொல்கிறேன். தடுமாறுவார்கள், தடுமாறட்டும். அப்புறம் அதே வேலையை டீமின் அடுத்த சில வார வேலைப் பட்டியலான ஸ்பிரின்ட்டில் சேர்த்து, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரமும் தருவேன். அந்த நேரத்துக்காக மேலே சண்டை போடுவதுதான் இதில் கஷ்டமான பகுதி. டெலிவரி தேதி யாருக்காகவும் நகராது.

மார்ச்சில் இன்னொரு கூத்து. நிதியாண்டு முடிவதற்குள் மீதிப் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்று ட்ரெயினிங்குக்கு ஆள் கேட்பார்கள். கற்றுத்தரப்போகும் டூல் எங்கள் டீமுக்கு வரவே ஜூன் ஆகும் என்றால் நான் பெயர் தருவதில்லை. பயிற்சிப் பிரிவில் முறைத்துக்கொள்கிறார்கள். ஜூனில் நானே போய்க் கேட்கும்போது, மார்ச்சில் ஏன் வரவில்லை என்றும் கேட்கிறார்கள்.