ஆன்டிகனியை வாசிக்கும் நாள்கள்

ஜூன் 11

சோஃபக்ளீஸின் பண்டைக் கிரேக்க நாடகத்தில், அடக்கம் செய்யக் கூடாதென்று அரசன் விலக்கிய தன் சகோதரன் பாலினீசஸுக்கு இறுதிக்கடன் செய்து பிடிபடுகிறாள் ஆன்டிகனி. எழுதப்படாத தெய்வ நியதிகளை ஓர் அரசனின் அறிவிப்பு வெல்ல முடியாது என்று தீப்ஸ் நகரின் மன்னன் கிரேயோனின் முகத்துக்கு நேரே ஆன்டிகனி சொல்லும் இடத்தைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என் மனம் அங்கே நிற்கவில்லை. உயிரோடு அடைக்கப்படவிருக்கும் குகையை நோக்கிச் செல்கையில் அவள் வேறொரு காரணம் சொல்கிறாள்: கணவன் இறந்தால் இன்னொருவன் வாய்க்கலாம், பிள்ளை இறந்தால் இன்னொரு பிள்ளை பிறக்கலாம், தாயும் தந்தையும் போன பின் இன்னொரு சகோதரன் ஒருபோதும் பிறக்க மாட்டான். இந்த வரிகள் இடைச்செருகல் என்று எவரேனும் ஓர் அறிஞர் நிறுவிவிட மாட்டாரா என்று ஜெர்மானியக் கவிஞர் கதே விரும்பினார். ஆனால் அரிஸ்டாட்டிலே அவற்றை எடுத்துக்காட்டியிருக்கிறார். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் அண்ணனின் மூச்சைக் கேட்டபடி விழித்திருக்கும் எனக்கு, சோஃபக்ளீஸ் எழுதியவற்றில் இவையே மிக உண்மையான வரிகளாகத் தோன்றுகின்றன.

ஜூன் 12

காய்ச்சல் இறங்கவில்லை.

ஜூன் 14

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதே நியாயத்தை ஒரு பாரசீகப் பெண்ணின் வாயில் வைத்திருக்கிறார். பாரசீகப் பிரபு இன்டாஃபர்னீஸின் மனைவி அரண்மனை வாயிலில் அழுது நிற்கிறாள். சிறைப்பட்ட குடும்பத்தாரில் ஒருவரை மட்டும் மீட்டுக்கொள்ளலாம் என்று மன்னன் டேரியஸ் சொன்னதும், கணவனையும் பிள்ளைகளையும் விட்டுச் சகோதரனைக் கேட்கிறாள். மன்னன் மெச்சி மூத்த மகனையும் சேர்த்து விடுவிக்கிறான், மற்றவர்கள் கொல்லப்படுகிறார்கள். அங்கே அந்தப் பேச்சு உயிரை மீட்டது. ஆன்டிகனியின் சகோதரனோ நாய்களுக்கும் பறவைகளுக்கும் விடப்பட்ட பிணம். உலர்ந்த மண்ணையும் வெண்கலக் குடத்திலிருந்து மும்முறை வார்த்த நீர்க்கடனையும் தவிர அவளால் அவனுக்குத் தர முடிந்தது எதுவுமில்லை. மீளவே முடியாதவனுக்காகச் செய்ததால்தான் அந்த விசுவாசம் அவ்வளவு பெரிதாகிறதா? இன்னும் மீளக்கூடியவன் அருகில் அமர்ந்திருக்கும்போது இக்கேள்வி என்னை அச்சுறுத்துகிறது.

ஜூன் 15

அக்கா நாளை வருகிறாள்.

ஜூன் 17

ஆன்டிகனியின் சகோதரி இஸ்மினியைக் கோழை என்று ஒதுக்குவோர் மீது எனக்குக் கோபம் வருகிறது. முதலில் அவள் அஞ்சினாள் என்பது உண்மை. ஆனால் காவலர் ஆன்டிகனியைப் பிடித்து வந்த பின், குற்றத்தில் எனக்கும் பங்குண்டு, நானும் உன்னோடு சாகிறேன் என்று அவள் கெஞ்சுகிறாள். நீ வாழ்வைத் தேர்ந்தாய், நான் சாவைத் தேர்ந்தேன் என்று ஆன்டிகனி அவளைத் தள்ளிவிடுகிறாள். என் சாவு போதும் என்ற சொல்லில் இரக்கம் இருந்ததா, இறந்தவனைப் பங்கிட மறுக்கும் பிடிவாதம் இருந்ததா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. அரச குலத்தில் எஞ்சிய கடைசிப் பெண் என்று பின்னர் அவள் தன்னையே சொல்லிக்கொள்கிறாள். இஸ்மினி அப்போதே கணக்கிலிருந்து விடுபட்டுவிட்டாள். நாடகமும் அவளைத் திரும்பப் பார்ப்பதில்லை. பெற்றோரும் சகோதரர் இருவரும் ஆன்டிகனியும் போன பின் அந்த வீட்டில் அவள் எப்படி இருந்திருப்பாள்?

அக்கா சமையலறையில் ஓசைப்படாமல் அழுகிறாள்.

ஜூன் 18

குறிசொல்லும் தைரீசியஸ் எச்சரித்துச் சென்ற பிறகு, என்ன செய்வதென்று கிரேயோன் கேட்கிறான். தீப்ஸ் முதியவர்கள் வரிசையைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: முதலில் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு கிடக்கும் பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. அவன் மாற்றிச் செய்கிறான். பாலினீசஸின் எச்சங்களைக் கழுவி, புதிதாய் ஒடித்த கிளைகளில் எரித்து, மண்மேடு எழுப்பி முடித்த பிறகே குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தன் துகிலையே சுருக்காக்கி உயிர்விட்டிருந்தாள். கிரேயோனின் மகனும் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவனுமான ஹீமன் அவள் இடையைத் தழுவிக் கிடந்தான். இறந்தவனுக்கு உரியதை மறுத்த அதே மனிதன், இறந்தவனுக்கு முதலிடம் தந்ததால் உயிரோடிருந்தவர்களை இழந்தான். இந்தக் கொடுமையைப் பற்றி ஏன் எவரும் அதிகம் பேசுவதில்லை?

ஜூன் 19

தன் காரியங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பதாக அண்ணன் சொன்னான். காகிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறதாம். முதலில் கஞ்சியைக் குடி என்றேன். பாதி குடித்தான்.