தங்கச்சிட ஜன்னல்

"அக்கா இஞ்ச பாருங்க" எண்டு தங்கச்சி போனத் திருப்பி ஜன்னலக் காட்டினாள், டொரன்டோ ஸ்காபரோவில பேஸ்மென்ட் வீடு, ஜன்னல் கூரையோட ஒட்டி இரிக்கு, றோட்டால போறாக்கள்ட சப்பாத்து மட்டும்தான் தெரியுது.

மட்டக்களப்பு கல்லடியில கடக்காத்துக்குக் கதவு பூட்டாம வளந்த பிள்ள.

முதல் மாச வாடகையோட கடைசி மாச வாடகையும் சேத்துக் கட்டித்தான் உள்ள போனதாம், கொண்டுபோன காசு அதோட சரி. இந்த டிசம்பர்ல பின்னேரம் 5 மணிக்கு முதலே இருட்டிருதாம். மச்சான் பஸ் ரூட் பாடமாக்குறார், சூட்கேஸ்தான் சாப்பாட்டு மேச.

இதுக்குள்ள "எப்ப காசு அனுப்புவாங்க" எண்டு இஞ்ச சொந்தக்காரர் கேக்கிறது எனக்குச் சரியான கவலையா இரிக்கு. அதுகள் ரெண்டும் முதல்ல குளிருக்குப் பழகட்டும்.

வாற கிழமை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் போறார், மிளகாய்த்தூளும் நெத்தலிக் கருவாடும் குடுத்து விடுறன்.