அரிசிமணி நட்சத்திரங்கள்

சென்ற வாரம் 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த ஓரியன் நெபுலாப் படங்களை அடுக்கிச் சேர்த்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது, நட்சத்திரங்கள் யாவும் ஒரே திசையில் இரண்டு பிக்சல் நீண்டு அரிசிமணிகளாகத் தெரிந்தன. ஓரியன் வான நடுவரைக்கு, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் ஓடும் கோட்டுக்கு, மிக அருகில் இருப்பதால், வானின் சுழற்சிக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கரின் வேகத்தில் நேரும் பிழை அங்கே முழு அளவில் பதிவாகிவிடுகிறது. டிராக்கரின் அச்சைச் சரியாகத் திருப்பி வைக்க உதவும் துருவ நட்சத்திரமோ நம் பக்கத்தில் மரக்கிளைகளுக்குப் பின்னால்தான் கிடைக்கும்.

போட்டோஷாப்பில் படத்தை முதலில் நீட்சி கிடைமட்டமாகும்வரை சுழற்றி, லேயரை நகலெடுத்து, அதன் பிளெண்ட் மோடை 'டார்க்கன்' என மாற்றி, நீட்சியின் திசையில் இரண்டு பிக்சல் நகர்த்தினேன். இரு லேயர்களிலும் எது இருண்டதோ அதுவே எஞ்சுவதால், ஒன்றின்மேல் ஒன்று படியாத முனைகள் மறைந்து நட்சத்திரம் ஏறக்குறைய வட்டமாகிறது. ஆனால் இது நட்சத்திரத்தையும் நெபுலாவின் மெல்லிய இழையையும் பிரித்தறியாது. ஆகவே மாஸ்க் போட்டு, நட்சத்திரங்களின்மேல் மட்டுமே இதைச் செயல்படவிட வேண்டும். அப்படியும் மங்கலான சில நட்சத்திரங்கள் அடியோடு காணாமற்போயின என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரிச்சர்ட்சன் 1972-லும் லூசி 1974-லும் தனித்தனியே வகுத்த டீகன்வல்யூஷன் முறை இதைவிட நேர்மையானது. ஏனெனில் அது ஒளியை வெட்டி எறிவதில்லை, சிதறியதை மூலப்புள்ளிக்குத் திருப்ப முயல்கிறது. அதை, மங்கலான பகுதிகள் தெரியும்படி படத்தின் ஒளியளவை உயர்த்தும் 'ஸ்ட்ரெச்' வேலைக்கு முன்பே செய்துவிட வேண்டும். நீட்சி நான்கைந்து பிக்சலைத் தாண்டிய ஃபிரேம்களை மட்டும், மனம் வராமல், நீக்கிவிட்டேன்.