பழைய பாம்பன் தூக்குப் பாலம்: ஒரு பாதி எழும்பிவிட்டது

மன்னார் முருங்கனில் இருந்துகொண்டு பாம்பன் பாலத்தின் மாதிரியை ஏன் செய்கிறாய் என்று கேட்கிறார்கள். 1914இல் திறந்த அந்தப் பாலமும், அதே ஆண்டு மதவாச்சியிலிருந்து வன்னிக்குள்ளால் தலைமன்னார் வரை போன எங்கள் பாதையும் ஒரே பயணத்தின் இரண்டு துண்டுகள். நடுவில் கப்பல். எங்கள் துண்டு 1990இல் நின்று 2015இல் திரும்ப வந்தது. பழைய பாம்பனில் 2022 டிசெம்பரோடு ரயில் நின்றுவிட்டது; 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று.

முழுப் பாலமும் இரண்டு கிலோமீற்றருக்கு மேல். 1:100இல் செய்தாலும் இருபது மீற்றர் தாண்டும். எங்கள் விறாந்தை காணாது. எனவே நடுவில் பிரிந்து இரண்டு பாதியாக எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி மட்டும். அகலப் பாதையாக மாற்ற முந்திய, தண்டவாளங்களுக்கு இடையில் ஒரு மீற்றர் இருந்த மீற்றர் கேஜ் காலத்தைத்தான் எடுத்தேன். தண்டவாள இடைவெளி சரியாக 10 மில்லிமீற்றர், கணக்குப் பார்க்கிற வேலையே இல்லை.

சட்டங்கள் கலியாணக் கார்ட் மட்டை, இரண்டிரண்டாக ஒட்டி வெட்டியவை. மை தீர்ந்த பேனாவால் பின்பக்கம் அழுத்தினால் முன்னால் ரிவெட் மாதிரிப் புடைக்கும்.

விஷயம் அடிக்காலில்தான் இருக்கிறது. பாம்பன் போன்ற ஷெர்சர் முறைப் பாலம் பிணைச்சலில் திறப்பதில்லை. வளைந்த அடிக்கால் தட்டையான தளத்தில் பின்னோக்கி உருளும். உருள உருள முனை மேலே போகும், முழுப் பாதியும் கால்வாயை விட்டுப் பின்வாங்கும். மாதிரி செய்பவர்கள் பலர் இந்த இடத்தில் ஒரு கம்பியைக் குத்திவிடுகிறார்கள். எழும்பும்தான், ஆனால் அது பாம்பன் இல்லை.

உருளும்போது வழுக்கக்கூடாது. அதற்குத் தளத்தில் குண்டூசிப் பற்கள், வளைவில் அவை போய் விழத் துளைகள். ஒரே கடதாசிக் கீலத்தில் 5 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு, அதைத் தளத்தில் நேராக வைத்து ஊசி இறக்கினேன். பிறகு அதே கீலத்தை வளைவில் சுற்றித் துளையிட்டேன். இரண்டும் சொல்லி வைத்ததுபோல் பொருந்தின.

அப்புறம் எதிர்ப்பாரம், அதாவது முனைப்பக்கத்தைச் சமன்செய்யப் பின்னால் வைக்கும் பாரம். நிஜப் பாலத்தில் ஒவ்வொரு பாதியும் 400 தொன்னுக்கு மேல். அதை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள் என்றால், மொத்தப் பாரத்தின் மையம் வளைவின் வட்ட மையத்திலேயே இருப்பதால்தான். உருளும்போது அந்த மையம் கிடையாக நகருமே தவிர மேலே ஏறாது. பாரத்தைத் தூக்குகிற வேலை இல்லை. வங்காலையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிப் பின்பெட்டியில் போட்டேன். வட்ட மையத்தில் ஊசி கோத்து, இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளின் விளிம்பில் தாங்கவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். முனை சாய்ந்தால் இன்னும் ஈயம். மட்டமாக நின்று, தூக்கினதும் பின்னால் விழுந்தால் ஈயம் உயரத்தில் இருக்கிறது, கீழே இறக்க வேண்டும். விட்ட இடத்தில் விட்டபடி நின்றால் சரி. ஊசியை உருவிவிடலாம். இப்போது சுண்டுவிரலால் தள்ளினாலே எழும்புகிறது.

மோட்டர் வைக்கிற யோசனை இருந்தது. தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய ‘ராமானுஜம்’ கப்பலில் போய்வந்த பக்கத்து வீட்டு ஐயா விடவில்லை. “தம்பி, அதை வைச்சுப் பழுதாக்கிப் போடாத. அங்க ஆக்கள் நிண்டு கையாலதான் சுத்தினவை.” அவர் சொன்னது நியாயம். தையல் நூல் கட்டையில் ஒரு கைபிடி போட்டிருக்கிறேன்.

மற்றப் பாதிக்கு வளைவு வெட்டியாயிற்று. இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் தண்டவாளம் நேர்கோட்டில் நிற்க ஒரு பூட்டு வேண்டும். வெள்ளிப் பெயின்ற் அதற்குப் பிறகுதான்.