பர்செல்லின் எட்டுக் குரல் விண்ணப்பம்: ஆர்கனில் இதுவரை

17-ம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல்லின் 'ஹியர் மை ப்ரேயர், ஓ லார்ட்' பாட்டுக்கு ஆர்கன் வாசித்துப் பழகி வருகிறேன். 1682 வாக்கில், அவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஆர்கனிஸ்டாக இருந்தபோது எழுதியது. மொத்தமே 34 பார் (தாளக் கட்டம்). ஆனால் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் எல்லாம் இரண்டிரண்டாக எட்டுக் குரல்கள். வார்த்தைகளோ 102-ம் சங்கீதத்தின் முதல் வசனம் மட்டும்: "கர்த்தாவே, என் விண்ணப்பத்தைக் கேளும், என் கூப்பிடுதல் உம்மிடத்தில் சேர்வதாக."

இடது கையில் பேஸை வைத்துக்கொண்டு, மேலே ஒவ்வொரு குரலாகச் சேர்த்துப் பார்த்தேன். 'விண்ணப்பத்தைக் கேளும்' என்ற வரி இரண்டே ஸ்வரங்களில் நிற்கிறது. ஸட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம்தான். 'கூப்பிடுதல்' வந்ததும் வரி அரை அரை ஸ்வரமாக நெளிகிறது. இவ்வளவு குறைந்த சரக்கில் இத்தனை வேதனையை எப்படிக் கொண்டுவந்தார் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

அப்புறம் சுருதி. என் டிஜிட்டல் ஆர்கனில் ட்யூனிங்கை மாற்றலாம் என்பதால் மீன்டோன் என்ற பழைய சுருதி முறையில் வைத்துப் பார்த்தேன். அதில் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டை ஜி ஷார்ப்பாகச் சேர்ந்திருக்கும். சி மைனரில் உள்ள இந்தப் பாட்டுக்கோ ஏ ஃப்ளாட் வேண்டும். கால்-காமா என்ற வகை மீன்டோனில் இரண்டுக்கும் 41 சென்ட் வித்தியாசம், அதாவது அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்டப் பாதி. அழுகைக்குப் பொருந்தும் கசப்புதான், ஆனால் பாடுகிறவர்களின் காதைக் குழப்பும். வெர்க்மைஸ்டர் என்ற இன்னொரு பழைய ட்யூனிங்குக்கு மாறினேன்; கூர்மை போகாமல் இதமாக இருக்கிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்து ஆர்கன்களில் பொதுவாகக் கால் பெடல் கிடையாது. நானும் பெடலைத் தொடுவதில்லை. மெல்லிய எட்டடி ஸ்டாப் (ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் விசை; எட்டடி என்றால் இயல்பான சுருதி) ஒன்றே போதும். குரல்கள் சேரச் சேரப் பாட்டு தானாகவே பெருகுகிறது. நடுவில் ஸ்டாப் கூட்டினால் அந்த வளர்ச்சியே கெட்டுவிடும்.

கையெழுத்துப் பிரதி கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் இருக்கிறது. பாட்டு முடிந்த பிறகு அதில் வெற்றுப் பக்கங்கள். பெரிய ஆந்தம் (தேவாலயக் குழுப்பாடல்) ஒன்றின் தொடக்கமாக இதை எழுதியிருக்கலாம் என்கிறார்கள். அதனால் கடைசி பாரை மிகவும் இழுத்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இப்போது முக்கால் பங்கு கைக்கு வந்துவிட்டது. முடிவுக்குச் சற்று முன் எட்டுக் குரல்களும் ஒன்றோடொன்று உரசி நிற்கும் இடம் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. அங்கே பேஸையும் இரண்டு மூன்று ஸ்வரங்களையும் மட்டும் பிடித்து, மற்றதைக் கொயரிடமே விடப் போகிறேன். சரி, அடுத்து பேஸ் பாடும் நண்பர்களோடு உட்கார வேண்டும்.