திருகோணமலைக்குப் போகிறீர்களா, கடலோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆகஸ்ட் லீவு விட்டதும் தலவாக்கலை, ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வேன்கள் வரிசையாகத் திருகோணமலைக்குக் கிளம்பும். நம் மலையைத் தென்மேல் மழை விடாமல் நனைக்கும் அதே மாதங்களில்தான் கிழக்குக் கரையில் கச்சான் காற்று வீசும், வானம் வெளுத்துக் கிடக்கும், கடலும் குளம் மாதிரி அடங்கியிருக்கும். ஸ்வெட்டருக்குள்ளேயே வளர்கிற நம் பிள்ளைகளுக்கு அந்த வெயிலே பெரிய சந்தோஷம். அதனால் எல்லா வேனும் நேரே நிலாவெளிக்குப் போகிறது, பிள்ளைகள் விரல் சுருங்கும்வரை தண்ணீரில் கிடக்கிறார்கள், பெரியவர்கள் மர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள், மறுநாள் கோணேஸ்வரத்தில் ஒரு கும்பிடு, ஒரு போட்டோ, அப்புறம் வீடு.

கடலில் குளிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லயத்துக் குடும்பங்கள் சீட்டுக் கட்டிக் காசு சேர்த்து, இரவெல்லாம் வேனில் உட்கார்ந்து இத்தனை தூரம் போகிறோம். அந்த ஊரில் நமக்கென்று இருப்பதைப் பார்க்காமல் திரும்புவது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கோட்டை. கோணேஸ்வரத்துக்குப் போகிற வழியே கோட்டைக்குள்தான் இருக்கிறது, ஆனால் வாசலில் யாரும் நிற்பதில்லை, மான்களைப் பார்க்கும் அவசரத்தில் உள்ளே ஓடிவிடுவோம். கொஞ்சம் நில்லுங்கள். நுழைவாயில் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, பாண்டியர் சின்னம். அதோடு சிதைந்துபோன சில தமிழ் எழுத்துகள். முன்னே குளக்கோட்டன் என்கிற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் பழைய பாட்டின் துண்டு அது. 1622இல் போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள், 1624இல் அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள், அப்புறம் ஆங்கிலேயர், 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். இடித்த கோயிலின் கல் கோட்டைச் சுவராக நிற்கிறது, அந்தச் சுவரைக் கடந்துதான் இன்றும் கோயிலுக்குப் போகிறோம். இதைச் சொல்லிக் கொடுத்ததும் என் மகள் திரும்பி நடந்து போய் அந்த மீனை மறுபடி பார்த்துவிட்டு வந்தாள்.

மான்களுக்குத் தயவுசெய்து பிஸ்கட் பையைப் போடாதீர்கள். அவை பையையும் சேர்த்துத் தின்கின்றன.

கோயில் சுவாமி மலையின் உச்சியில், செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய தலம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேர் அறியாதது பிற்காலக் கதை. இடிபட்ட கோயிலின் பழைய வெண்கலச் சிலைகள் சில, 1950இல் அந்தப் பக்கம் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தன. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பயந்து பயந்து புதைத்துக் காப்பாற்றியவை! 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அந்தப் பாறைக்குக் கீழே கடலில் மூழ்கி, கோயில் தூண்கள் கிடப்பதைக் கண்டார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இராவணன் வெட்டு என்கிற அந்தப் பிளவின் ஓரத்தில் நின்று கீழே பார்க்கும்போது, தண்ணீருக்கடியிலும் ஒரு கோயில் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள், அது வேறு விதமாக இருக்கும். மாலைப் பூசைக்குப் போனால் வெயிலும் குறைவு. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடப்பது நம் மலையகத்துக் காலுக்கு ஆகாது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு விடிந்ததும் போய்விடுங்கள், நேரம் ஆக ஆகக் கூட்டம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு அளவு, வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் கழித்த இடம் என்று சைவர்கள் நம்புகிறார்கள், இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யவும் வருவார்கள், அதனால் கொஞ்சம் அமைதியாக நடந்துகொள்வது நல்லது.

கன்னியாவுக்கு வந்தவர்கள் அதற்கு அப்பால் போவதில்லை. போக வேண்டும். கொஞ்ச தூரத்தில் வெல்கம் விகாரை என்றொரு பழைய பௌத்தப் பள்ளி காட்டுக்குள் இருக்கிறது. சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். ஆமாம், சோழ அரசன் பெயரில் ஒரு பௌத்தப் பள்ளி, அங்கே விளக்கெரிக்கத் தானம் கொடுத்தவர்களின் கல்வெட்டுகள் தமிழில். தமிழன் என்றால் இந்து, சிங்களவன் என்றால் பௌத்தன் என்று கோடு போட்டுப் பேசியே நாம் எத்தனை அனுபவித்துவிட்டோம்! அந்தக் கல் எழுத்துக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நிலாவெளி ரோட்டில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் ஒன்று இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டு போட்டுத் தாக்கின. கடலுக்குப் போகிற வழிதானே, பத்து நிமிஷம் இறங்கிக் கல்லில் உள்ள வயசுகளைப் படியுங்கள், பாதிப் பேர் சின்னப் பையன்கள்.

சரி, நான் எல்லாவற்றையும்விட ஆசையாகச் சொல்ல வந்தது மூதூர் ரோடு. முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ரோட்டில் போக வேண்டுமானால் துறைக்குத் துறை இறங்கி, பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, அடுத்தடுத்து மற்றப் பாலங்களும் வந்தன, இப்போது வேன் நிற்காமல் ஓடுகிறது. கிண்ணியாப் பாலத்திலிருந்து இரண்டு பக்கமும் தெரிகிற நீர்ப்பரப்புக்காகவே போகலாம். ஆனால் அதையும் தாண்டிப் போங்கள். கங்கைப் பாலம் என்று ஒன்று வரும். அதன் கீழே ஓடுவது மகாவலி.

எங்கள் வீடு தலவாக்கலையில். டெவன் அருவியும் செயின்ட் கிளேயரும் விழுகிற தண்ணீர், மேல் கொத்மலை அணையில் தேங்குகிற தண்ணீர், எல்லாம் கொத்மலை ஓயாவாக இறங்கி மகாவலியில் சேருகிறது. அது கண்டியைச் சுற்றிக்கொண்டு, பொல்கொல்லையில் ஒரு பங்கை வயல்களுக்குக் கொடுத்துவிட்டு, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை அணைகளையெல்லாம் தாண்டி, மொத்தம் 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. இதைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். வேனை ஓரங்கட்டி இறங்கியபோது அம்மாவிடம் சொன்னேன். ஆயுசு முழுக்க மலையில் கொழுந்து பறித்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். “நம்ம ஊரு மழையா இது, இவ்வளவு தூரம் வந்திருக்கு?” என்றார். என் வீட்டுக்காரர், “ஆமாங்க அத்தே, நமக்கு முந்தியே கெளம்பி வந்திருச்சு” என்றார். அன்று முழுக்க அம்மாவுக்கு அதே பேச்சுதான்.

தண்ணீர் மட்டுமா போனது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வெளியேறி வன்னிக்கும் கிழக்குக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் நிறைய. நம் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும் அந்தப் பக்கம் ஒரு சித்தப்பா வீடோ பெரியம்மா வீடோ இருக்கும். ட்ரிப் போகிற சாக்கில் அவர்களைத் தேடிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். நாங்கள் அம்மாவின் உறவு வீட்டுக்கு அறிவிக்காமல்தான் போனோம், சோறாக்கிப் போடாமல் விடவில்லை, கிளம்பும்போது பிள்ளைகள் கையில் கச்சான் கடலைப் பொட்டலம் வேறு.

திரும்பும்போது கந்தளாயில் நிறுத்துங்கள். குளக்கோட்டன் கட்டிய குளம் என்று நம் மக்கள் சொல்வது அதைத்தான். அதன் கட்டு 1986 ஏப்ரலில் உடைந்து ஊரையே அடித்துப்போனது, பிறகு திருப்பிக் கட்டினார்கள். ரொட்டியும் கட்டசம்பலும் மிச்சமிருந்தால் அங்கேயே நிழல் பார்த்து உட்கார்ந்து முடித்துவிடலாம். ஆனால் ரொம்ப நேரம் எடுக்காதீர்கள், அங்கிருந்து ஹபரணை வரை காட்டு ரோடு, பொழுது சாய்ந்தால் யானை இறங்கும், வெளிச்சம் இருக்கும்போதே அதைத் தாண்டிவிடச் சொல்லி டிரைவரிடம் முதலிலேயே பேசிவையுங்கள்.