மரம் கடையற லேத்துல, நடுவுல ஒரு திருகு வச்சு கட்டையைப் பிடிக்கிற ஸ்குரூ சக்குல கட்டை ஆடுதா?
திருகைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கட்டையோட முகத்தைப் பாருங்க. துளை போடுற பக்கம் சமமா, இல்லன்னா நடுவுல மயிரிழை குழிவா இருக்கணும். நடு மேடா இருந்தா சக்கோட விளிம்பு மரத்துல உட்காராது. எவ்வளவு இறுக்கினாலும் ஆடத்தான் செய்யும்.

நாலு தாடையால கவ்வுற சக்கோட வர்ற திருகுக்குப் பெரும்பாலும் 8 மி.மீ. துளை. டிரில் பிரஸ்ஸுல செங்குத்தா போடுங்க, திருகு நீளத்தைவிட 3 மி.மீ. கூடுதல் ஆழமா. திருகு முனை அடியில முட்டின பிறகும் திருகினா, மரத்துல விழுந்த மரை அரைஞ்சு தூளாயிடும். கட்டை முகம் சக்கு விளிம்புல உட்கார்ந்ததும் நிறுத்திடுங்க.

ஆழமில்லாத தட்டு கடையறீங்கன்னா சக்குக்கும் கட்டைக்கும் இடையில 12 மி.மீ. பிளைவுட் வளையம் ஒண்ணு போதும், திருகு அவ்வளவு குறைவா இறங்கும்.

நார் முனையில, அதாவது மரத்தோட நார் வெட்டுப்பட்டு முடியுற முகத்துல, மட்டும் இந்தத் திருகுப் பிடியை நம்பாதீங்க. மரை நாரைத் துண்டு துண்டா வெட்டிடும், உளி சிக்கினா கட்டை பறக்கும். லேத்தோட எதிர்முனையில இருக்கற டெயில்ஸ்டாக்கால முட்டு கொடுத்தே கடையுங்க.